"ஃபிளாஷ் வேணாம் தம்பி!" - விடிய விடிய கூத்து... இருட்டில் ஒரு படம்!

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில் மலை தொடங்குவதற்கு முன்பே ஒரு பழைய நுழைவு வளைவு நிற்கிறது. பைக்கில் போகிறவர்கள் நிறுத்தி, அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். டி.ஆர்.சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸில் இன்று மிஞ்சியிருப்பது அந்த வளைவுதான். தமிழின் முதல் முழுநீள கலர் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) இங்கேதான் உருவானது. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' (1938) படத்தைத் தயாரித்ததும் இதே நிறுவனம்தான்.

அன்றைய கலர் ஃபிலிமுக்கு வெளிச்சப் பசி அதிகம். இன்று நம் கையிலிருக்கும் போனுக்குத் தேவைப்படுவதைவிடப் பல மடங்கு வெளிச்சம் கொடுத்தால்தான் அதில் உருவம் பதியும். அதனால் ஸ்டூடியோவுக்குள் பெரிய பெரிய விளக்குகள் எரிந்தன. நடிகர்கள் வியர்த்துக் கொட்டினார்கள். அவர்களின் முகங்களை நாம் இன்றும் யூடியூபில் பார்க்கிறோம்.

அதே காலத்தில், அதே சேலம் மாவட்டத்தில் இன்னொரு நடிப்பும் நடந்துகொண்டிருந்தது. மாரியம்மன் கோயில் திடலில், திரௌபதி அம்மன் கோயில் வாசலில், அறுவடை முடிந்த காட்டில், ஒன்றிரண்டு பெட்ரோமாக்ஸ் விளக்குகளின் வெளிச்சத்தில் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை தெருக்கூத்து ஆடினார்கள். துரியோதனனாக ஆடியவர் யார், திரௌபதியாக வேடம் கட்டியவர் எப்படி இருந்தார் என்று பார்ப்பதற்கு, பெரும்பாலும் ஒரு படம்கூட இல்லை. வெளிச்சம் போதாததால், அவர்கள் படத்தில் விழவே இல்லை.

இன்று நிலைமை மாறிவிட்டது. கூத்து பார்க்க வருகிற கூட்டத்தில் பாதிப் பேரிடம் கேமரா போன் இருக்கிறது. ஆனால், அந்தக் கேமராவை இருட்டில் எப்படிப் பிடிப்பது, எப்போது இறக்குவது, எடுத்த படத்தை என்ன செய்வது என்பதெல்லாம் பலருக்கும் தெரிவதில்லை. பட்டனை அமுக்கத் தெரிவது மட்டும் இதற்குப் போதாது.

இருட்டுக்கென்றே பிறந்த ஒப்பனை

கூத்தைப் படமெடுக்க நினைப்பவர்கள் முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கலைக்கு இருட்டு குறை கிடையாது. இருட்டை நம்பித்தான் இந்த ஒப்பனையே உருவானது.

கூத்துக்காரர் தலையிலும் தோளிலும் மார்பிலும் கட்டியிருக்கும் கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் ஆகியவற்றை உற்றுப் பாருங்கள். கனம் குறைந்த மரத்தில் செதுக்கி, வண்ணக் காகிதம் ஒட்டி, இடையிடையே சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளைப் பதித்திருப்பார்கள். 'கட்டைக்கூத்து' என்ற பெயருக்கே இந்தக் கட்டைகள்தான் காரணம். டியூப் லைட் வெளிச்சத்தில் அந்தக் கண்ணாடித் துண்டுகள் வெறும் அலங்காரமாகத் தெரியும். தீவட்டி வெளிச்சத்தில் அவற்றின் வேலையே வேறு. கலைஞர் சுழலும்போது ஒவ்வொரு துண்டும் எரியும் சுடரைப் பிடித்துக் கூட்டத்தின் பக்கம் திருப்பி அடிக்கும். கடைசி வரிசையில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு முகம் தெளிவாகத் தெரியாவிட்டாலும், மின்னுவதைப் பார்த்தே 'ராஜா வந்துட்டாரு' என்று தெரிந்துவிடும்.

முகத்தில் பூசும் அடர்த்தியான வண்ணங்களும் அப்படித்தான். கிருஷ்ணனுக்குப் பச்சை, கோபக்கார வேடங்களுக்குச் சிவப்பு, கண்ணைச் சுற்றித் தடித்த கறுப்புக் கோடு, கன்னத்தில் வெள்ளைப் புள்ளிகள். பக்கத்தில் நின்று பார்த்தால் 'ஏன் இவ்வளவு?' என்று தோன்றும். முப்பது அடி தள்ளி மங்கலான விளக்கில் பார்த்தால் சரியான அளவாக இருக்கும்.

திரைக்கும் இதில் பங்கு உண்டு. இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்க, அதன் பின்னாலிருந்து பாட்டு வரும். முதலில் கிரீடத்தின் நுனி தெரியும். பிறகு சலங்கைச் சத்தம். அதன் பிறகுதான் முகம். வேடம் முழுதாக வெளியே வருவதற்குள் பார்க்கிறவர்களின் கண்ணும் காதும் தயாராகிவிடும்.

இதையெல்லாம் பளீரென்று ஒரே ஃபிளாஷில் வெளுத்துவிட்டால் படத்தில் கூத்து மிஞ்சாது. வண்ணம் பூசிய ஒருவர் மிரண்டு நிற்கும் காட்சிதான் மிஞ்சும்.

தீவட்டி முதல் எல்.இ.டி வரை

ஒரு காலத்தில் எண்ணெய்த் தீவட்டி. பிறகு, 'உஸ்ஸ்' என்று மூச்சு விட்டபடி எரியும் பெட்ரோமாக்ஸ். அதற்குப் பின் டியூப் லைட், ஹாலஜன். இப்போது எல்.இ.டி ஃபோகஸ் லைட்டும், சில இடங்களில் கலர் மாறும் பார் லைட்டும் வந்துவிட்டன. விளக்கு மாறும்போதெல்லாம் படமெடுப்பவரின் சிக்கலும் மாறுகிறது.

பெட்ரோமாக்ஸ் ஒரே இடத்திலிருந்து வருகிற வெளிச்சம். விளக்கிலிருந்து ஐந்தடி தள்ளி நிற்பவர் பத்தடிக்கு நகர்ந்தால், அவர்மேல் விழும் வெளிச்சம் பாதியாகக் குறையாது, கால் பங்காகக் குறையும். இருபதடிக்குப் போனால் பதினாறில் ஒரு பங்குதான். ஆடுகளத்தில் கலைஞர் நாலு எட்டு வைப்பதற்குள் கேமராவின் கணக்கு மொத்தமாக மாறிவிடும். அவர் விளக்குக்குப் பக்கத்தில் வரும் நொடிக்காகக் காத்திருக்க வேண்டும். பழைய கூத்துக்காரர்களுக்கு அது தெரியும். முக்கியமான வசனத்தைப் பேச விளக்கடிக்கு வந்துவிடுவார்கள்.

எல்.இ.டி-யில் வெளிச்சம் தாராளம். ஆனால், வேறொரு தொல்லை உண்டு. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. மலிவான விளக்குகள் இதனால் நொடிக்கு 100 முறை துடிக்கும். நம் கண்ணுக்கு அது தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டரை மிக வேகமாக வைத்து எடுத்தால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுகின்றனவே, அதற்கு இதுதான் காரணம். போன் கெட்டுப்போய்விட்டதோ என்று பயப்பட வேண்டாம். ஷட்டரை 1/100 அல்லது 1/50 நொடிக்கு இறக்கினால் பட்டை பெரும்பாலும் மறைந்துவிடும்.

துள்ளலும் நிலையும்

சேலத்தில் கல்யாணப் படம் எடுக்கும் ஓர் இளைஞரை நினைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தில் நாலு பக்கமும் விளக்கு வைத்து, மணமக்களை 'இப்படித் திரும்புங்க, அப்படிச் சிரிங்க' என்று நிறுத்திப் படமெடுத்துப் பழகியவர். அவர் முதல்முறையாகக் கூத்துத் திடலுக்குப் போகிறார். இங்கே விளக்கை நகர்த்த முடியாது. பீமனைத் 'திரும்புங்க' என்று சொல்ல முடியாது. மத்தளமும் தாளமும் முகவீணையும் ஆர்மோனியமும் சேர்ந்து கிளம்பினால் பீமன் ஒரு நொடிகூட நிற்க மாட்டார்.

அவரிடம் இருப்பவை மூன்றே கருவிகள். லென்ஸ் எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்பது முதலாவது. எஃப் 1.8 என்றால் பெரிய ஜன்னல், எஃப் 5.6 என்றால் சின்ன ஜன்னல். 50 எம்.எம், எஃப் 1.8 லென்ஸ்தான் பெரும்பாலான கம்பெனிகளில் விலை குறைந்த லென்ஸ்களில் ஒன்று. கூத்துக்கு அதுவே தாராளம். அந்த ஜன்னல் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்கிற ஷட்டர் வேகம் இரண்டாவது. சும்மா நின்று பாடுகிறவருக்கு 1/60 நொடி போதும். துள்ளிச் சுழல்கிறவரை உறைய வைக்க 1/250 வேண்டும். மூன்றாவது, ஐ.எஸ்.ஓ. வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறது என்பதற்கான எண் இது. 100-லிருந்து 6400-க்குப் போனால் 64 மடங்கு. கூடவே படத்தில் புள்ளி புள்ளியாக மணல் தூவியதுபோல் வரும். வரட்டும். புள்ளி விழுந்த படத்தில் துரியோதனனின் கண் தெரியும். கலங்கிப்போன படத்தில் எதுவும் தெரியாது.

அந்த இளைஞர் சீக்கிரத்திலேயே இன்னொன்றையும் கண்டுகொள்வார். எவ்வளவு வேகமான ஆட்டத்திலும் ஒரு நிலை உண்டு. பாட்டின் அடி முடியும்போது, மத்தளத்தின் கடைசி அடியில், கலைஞர் கண நேரம் அப்படியே நிற்பார். கை விரிந்திருக்கும், கண் அகண்டிருக்கும், பாவாடை மட்டும் சுழற்சியில் மிச்சமாய் அசைந்துகொண்டிருக்கும். அந்த இடத்தில் 1/60 நொடியிலும் படம் தெளிவாக விழும். முகம் தெளிவாகவும் துணி கலங்கலாகவும் பதிந்தால், கூத்தின் வேகமே படத்துக்குள் வந்துவிடும்.

அந்த நிலை எப்போது வரும் என்று எந்தக் கேமராவும் சொல்லாது. தாளம்தான் சொல்லும். அதனால்தான் கூத்தை நன்றாகப் படமெடுப்பவர்கள் பெரும்பாலும் கூத்தை நன்றாகக் கேட்பவர்களாக இருக்கிறார்கள். முதல் ஒரு மணி நேரம் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டால், பிறகு விரல் தானாகவே தாளத்துக்கு அமுக்கும். கதை தெரிந்திருந்தால் இன்னும் நல்லது. அடுத்து யார் வருவார், எந்தப் பக்கம் திரும்புவார் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

போன் மட்டும்தான் இருக்கிறதா?

போதும். சில பழக்கங்களை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

நைட் மோடை அணைத்துவிடுங்கள். அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்க்கும் வித்தை. அசையாத ஏற்காடு ஏரிக்கும், லேடீஸ் சீட்டிலிருந்து தெரியும் சேலத்து விளக்குகளுக்கும் அது பிரமாதம். ஆடுகிற ஆளுக்கு வைத்தால் மூன்று தலை, நாலு கை வந்துவிடும்.

ஜூம் செய்யாதீர்கள். பெரும்பாலான போன்களில் மெயின் கேமராவின் லென்ஸ்தான் அதிக வெளிச்சம் வாங்கும். தூரத்தில் இருந்தால் எழுந்து, ஓரமாக நடந்து, கிட்டே போய் உட்காருங்கள். கலைஞரின் முகத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும். அதன்பின் விரலைக் கீழ்ப்பக்கம் இழுத்து வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். போன் எப்போதும் இருட்டைப் பார்த்து மிரண்டு, எல்லாவற்றையும் பகலாக்கப் பார்க்கும். அதனால் முகம் சுண்ணாம்புபோல வெளுத்துவிடும். பின்னணி கறுப்பாகவே இருக்கட்டும். கூத்து நடப்பது ராத்திரியில்தானே!

திரையின் வெளிச்சத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள். நூறு பேர் இருட்டுக்குக் கண் பழகி உட்கார்ந்திருக்கும் இடத்தில், உங்கள் போன் திரை ஒரு சின்ன டியூப் லைட்.

பனிக்குள் ஒரு மேடை

ஏற்காட்டில் மே மாதம் கோடை விழா நடக்கும். மலர்க் கண்காட்சியோடு மாலையில் கலை நிகழ்ச்சிகளும் இருக்கும். அதே மாதத்தில்தான் மலை உச்சியில், 5,300 அடிக்கு மேல் இருக்கும் சேர்வராயன் குகைக் கோயிலின் திருவிழாவும் நடக்கும். சுற்றியுள்ள மலைக் கிராமங்களின் மக்கள் அங்கே கூடுவார்கள். சமவெளியிலிருந்து கேமராவோடு இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வருகிறவர்களுக்கு இங்கே வேறு பாடங்கள் காத்திருக்கின்றன.

மலையில் பனிமூட்டம் சொல்லாமல் வரும். அப்போது ஃபிளாஷ் அடித்தால், வெளிச்சம் காற்றில் மிதக்கும் நீர்த்துளிகளில் பட்டு உங்களிடமே திரும்பி வரும். படம் முழுக்க வெள்ளைப் பொட்டுகள் தெரியும், ஆள் தெரியமாட்டார். அதே பனிமூட்டத்தில் மேடை விளக்கு பின்னாலிருந்து வந்தால், ஒவ்வொரு கதிரும் தனித்தனியாகத் தெரியும். காசு கொடுத்துப் புகை போட்டாலும் கிடைக்காத காட்சி அது.

குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். கூடுதல் பேட்டரியைச் சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்வது நல்லது. வெளியே குளிர்ந்துபோன கேமராவைக் கதகதப்பான அறைக்குள் கொண்டுபோனதும் பையிலிருந்து எடுக்கக் கூடாது. கண்ணாடியில் ஈரம் படிந்துவிடும். பையோடு அரை மணி நேரம் வைத்துவிட்டுத் திறந்தால் பிரச்னை இல்லை.

இருட்டை நம்பியவர்கள்

வெளிச்சம் சேர்க்காமல் படமெடுக்க வேண்டும் என்ற ஆசைக்கு நூறு வயதாகிறது. 1924-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் எர்னமான் கம்பெனி 'எர்மனாக்ஸ்' என்ற சின்னக் கேமராவைக் கொண்டுவந்தது. எஃப் 2 அளவுக்குத் திறக்கும் லென்ஸ் அதில் இருந்தது. ஃபிளாஷ் பவுடர் கொளுத்தாமல் அறைக்குள்ளும் அரங்குக்குள்ளும் படமெடுக்கலாம் என்பதுதான் அதன் பெருமை. எரிக் சாலமன் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் அதைத் தொப்பிக்குள் ஒளித்துவைத்து, 1928-ல் ஒரு கொலை வழக்கு விசாரணையைப் படமெடுத்தார்.

1975-ல் வெளிவந்த 'பாரி லிண்டன்' படத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே காட்சிகள் வேண்டும் என்று ஸ்டான்லி கூப்ரிக் பிடிவாதம் பிடித்தார். நாசாவுக்காக ஜெய்ஸ் நிறுவனம் செய்த எஃப் 0.7 லென்ஸைத் தேடிப் பிடித்துத்தான் அதை எடுத்து முடித்தார்.

நமக்கு இன்னும் நெருக்கமானவர் கொல்கத்தாவின் நெமாய் கோஷ். சத்யஜித் ரேயின் நிழல்போல் கூடவே இருந்து படமெடுத்தவர் என்றுதான் உலகம் அவரை அறியும். அவர் நாடக மேடையிலிருந்து வந்தவர், நடிகர். கொல்கத்தா நாடகங்களை 1960-களிலிருந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் படமெடுத்தார். 'டிராமாடிக் மொமென்ட்ஸ்' என்ற புத்தகமாக அவை 2000-ல் வந்தன. மேடையில் நின்ற அனுபவம் உள்ளவருக்கு, எப்போது அமுக்க வேண்டும் என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2020-ல் அவர் மறைந்தபோது, ஒரு நகரத்து மேடையின் நினைவு அவர் படங்களில் பத்திரமாக இருந்தது.

நம் கூத்துக்கு அப்படி ஒரு சேமிப்பு இருக்கிறதா? எழுத்தில் சிலர் பாடுபட்டிருக்கிறார்கள். 1977-ல் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந.முத்துசாமி, புரிசைக் கூத்தைப் பார்த்த வியப்பை நகரத்து வாசகர்களுக்குத் திரும்பத் திரும்ப எழுதினார். காஞ்சிபுரம் பக்கம் பெ.ராஜகோபாலும் ஹன்னே டி புரூயினும் 1990-ல் அமைந்த கட்டைக்கூத்துச் சங்கத்தின் வழியே உழைத்தார்கள். சேலம் மாவட்டத்தில் 'மணல்வீடு' சிற்றிதழின் ஆசிரியர் மு.ஹரிகிருஷ்ணன் இந்த வட்டாரத்துக் கூத்துக் கலைஞர்களின் வாழ்க்கையைத் தொடர்ந்து எழுதியவர். 'களரி' அமைப்பின் மூலம் விடிய விடியக் கூத்து விழாக்களையும் நடத்தியவர். ஆனால், ஊர் ஊராக ஆடிவிட்டுப் போகிற எண்ணற்ற ஜமாக்களில் உள்ள ஒவ்வொரு முகத்தையும் இரண்டு மூன்று பேர் எப்படிப் பதிவு செய்ய முடியும்? கூட்டத்தில் போனோடு உட்கார்ந்திருப்பவர்களால் முடியும்.

ஏன் ஃபிளாஷ் வேண்டாம்?

"தம்பி, அந்த லைட்ட மூஞ்சிக்கு நேரா அடிக்காத சாமி, கண்ணு கட்டுது" என்று கலைஞர் சொன்னால், அது கோபம் இல்லை. உடம்பு பற்றிய பயம்.

இருட்டில் நம் கண்மணி அகலமாக விரிந்திருக்கும். அந்த நேரத்தில் பளீரென்று ஒளி பாய்ந்தால், சில நொடிகளுக்கு எதுவும் தெரியாது. கண்ணுக்குள் ஒரு வெள்ளைத் திட்டு மிதக்கும். உட்கார்ந்திருப்பவருக்கு அது சின்னத் தொந்தரவு. கட்டையும் கிரீடமும் கட்டிக்கொண்டு, மேடுபள்ளமான மண்தரையில், கையில் கத்தியோ கதையோ வைத்துக்கொண்டு சுழல்கிறவருக்கு? எதிரே இன்னொரு ஆள் இருக்கிறார். காலடியில் குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு எட்டு தப்பினால் போதும்.

இன்னொரு வேடிக்கை, போனின் ஃபிளாஷ் சில அடிகளுக்கு மேல் எட்டவே எட்டாது. முப்பதடி தள்ளி இருந்து அடித்தால் அது ஆடுகிறவருக்கு வெளிச்சம் கொடுப்பதில்லை, முன்வரிசையில் இருப்பவர்களின் பின்னந்தலையைத்தான் பளிச்சென்று காட்டும். கலைஞருக்குத் தொந்தரவு, படமெடுத்தவருக்கும் பயன் இல்லை.

கேமராவை இறக்க வேண்டிய நேரம்

திரௌபதி அம்மன் கோயில்களில் நடக்கும் கூத்து வெறும் நாடகம் கிடையாது. துகில் உரியும் காட்சிக்கு முன் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவார்கள். ஆடுகிறவர் மேல் அருள் வரும், பார்க்கிறவர் மேலும் வரும். அர்ச்சுனன் தபசில் உயரமான தபசு மரத்தின் மேல் ஏறி, கலைஞர் பாடியபடியே எலுமிச்சையும் விபூதியும் கீழே போடுவார். குழந்தை வரம் வேண்டி நிற்கும் பெண்கள் அதை மடியில் ஏந்துவார்கள்.

அப்போது படம் எடுக்கலாமா? மரத்தின் மேல் நிற்கும் அர்ச்சுனனை எடுக்கலாம். பின்னால் வெளுக்கத் தொடங்கும் வானத்தில் அந்த உருவம் நிழலாகத் தெரிவது அபூர்வமான காட்சி. ஆனால், மடியேந்தி அழுதுகொண்டிருக்கும் பெண்ணின் முகத்தை நெருக்கமாக எடுத்து, அவருக்கே தெரியாமல் ரீல்ஸில் போடலாமா? அருள் வந்து கூந்தல் கலைந்து கிடக்கும் ஒருவரைப் படமெடுக்கலாமா? 'எல்லாரும்தானே எடுக்கிறாங்க' என்பது இதற்குப் பதிலாகாது. அந்த இடத்தில் நம் அம்மா, அக்கா இருந்தால் எடுப்போமா என்று கேட்டுக்கொண்டால் பதில் தானாக வந்துவிடும்.

ஒப்பனைக் கொட்டகையும் அப்படிப்பட்ட இடம்தான். உள்ளே போவதற்கு முன் வாத்தியாரிடம் 'ஐயா, உள்ள வந்து ஒண்ணு ரெண்டு படம் எடுத்துக்கட்டுங்களா?' என்று கேட்பது ஒரு நிமிட வேலை. பெரும்பாலானவர்கள் மறுக்க மாட்டார்கள். கேட்காமல் எடுப்பதில்தான் சிக்கல். பெண் வேடம் கட்டும் ஆண் கலைஞர்கள் பாதி ஒப்பனையில், ரவிக்கை போட்டும் போடாமலும் உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் படம் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போய், அதன் கீழே நாலு பேர் கிண்டலடித்து, அது சுற்றிச் சுற்றி அவர் மகனின் போனுக்கே வந்து சேர்ந்தால் என்ன ஆகும்? விடிய விடிய திரௌபதியாக நின்று ஊரையே அழவைத்த ஒருவர், தன் வீட்டிலேயே தலைகுனிய வேண்டியிருக்கும். அந்தப் பையன் இனி கூத்துப் பக்கம் வருவானா?

ஒரு கலை அழிவதற்குப் பெரிய காரணங்கள்தான் வேண்டும் என்றில்லை. இப்படி ஒரு படம்கூட ஒரு தலைமுறையை விரட்டிவிடும்.

படம் யாரிடம் போய்ச் சேர வேண்டும்?

மாறாக, நல்ல படம் எவ்வளவோ செய்யும். அடுத்த ஊர் திருவிழாவுக்கு ஜமாவை அழைக்க வருகிறவர்களிடம் காட்ட ஒரு படம் வேண்டும். ஃப்ளக்ஸ் அடிக்க, நோட்டீஸ் போட, விண்ணப்பத்தோடு இணைக்க... எல்லாவற்றுக்கும் படம் வேண்டும். நாற்பது வருடம் ஆடிய ஒருவரிடம், தான் ஆடியதற்கு அடையாளமாகக் காட்ட ஒரு நல்ல படம்கூட இல்லாமல் போகலாம்.

எனவே, எடுத்த படத்தை ஆன்லைனில் போடுகிறவர்கள் கலைஞரின் பெயரையும், அவர் ஜமாவின் பெயரையும், வேடத்தையும், ஊரையும் கேட்டு எழுதிப் போட வேண்டும். 'தெருக்கூத்துக் கலைஞர்' என்று பொதுவாகப் போடுவது, சினிமாப் படத்தின் கீழே 'ஒரு நடிகர்' என்று போடுவதற்குச் சமம். நடிகரின் பெயர் தெரியாவிட்டால் தேடிப் பிடிக்கிறோம். கர்ணன் வேடம் கட்டியவரின் பெயரை அவரிடமே கேட்பதற்கு என்ன தயக்கம்? பெயர் போட வேண்டாம் என்று அவரே சொன்னால், அதையும் மதிக்கலாம்.

விடியற்காலையில் கூத்து முடியும். மங்களம் பாடி, கூட்டம் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பும். நல்ல வெளிச்சம் அப்போதுதான் வரும். கொட்டகை ஓரத்தில் தேங்காய் எண்ணெயைத் தொட்டு முகத்து வண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார் துரியோதனன். பாதி முகம் ராஜா, மீதி முகம் காலையில் காட்டு வேலைக்குப் போக வேண்டிய மனிதர். ஐ.எஸ்.ஓ, ஷட்டர் என்று எதைப் பற்றியும் கவலைப்படத் தேவையில்லாத வெளிச்சம். கேட்டுவிட்டு ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம்.

எடுத்தவர் அதில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, டவுனில் பிரின்ட் போட்டு, அடுத்த முறை அந்த ஜமா எங்கே ஆடுகிறதோ அங்கே போய்க் கையில் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. இரண்டு பேர் டீ குடித்து வடை சாப்பிடும் செலவுதான் ஆகும். போனில் அனுப்பிய படம் அடுத்த போன் மாறும்போது காணாமல் போகும். பிரின்ட் போட்ட படம் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டப்படும். பேரப்பிள்ளை வந்து 'இது யாரு தாத்தா?' என்று கேட்டால், சொல்வதற்கு அவரிடம் ஒரு இரவு முழுக்கக் கதை இருக்கிறது.